30 மில்லிமீட்டர் தேசத்துரோகம்

காரைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்கிறாய் தம்பி. வயிறு தரையைத் தொடுகிற அளவுக்கெல்லாம் வேண்டாம், டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கை நுழைகிற அந்தச் சந்து இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கினால் போதும். கூடவே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி நல்ல அலாய். மொத்தத்தில் 30 மில்லிமீட்டர் ஆசை. நம் ஊரில் இதைவிடப் பெரிய ஆசைகளுக்கெல்லாம் வழி இருக்கிறது. ஏரியை மனையாக்க ஆசைப்பட்டால் மின் இணைப்பு கொடுப்பார்கள். நடைபாதையைக் கடையாக்க ஆசைப்பட்டால் திறப்பு விழாவுக்கு ஆள் அனுப்புவார்கள். ஸ்பிரிங்கில் 30 மில்லிமீட்டர் குறைக்க ஆசைப்பட்டால் மட்டும் சட்டப் புத்தகத்தோடு ஓடி வருவார்கள். ஆகவே மெக்கானிக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் வக்கீலைப் பார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்று ஆரம்பிப்பார். தயாரித்த கம்பெனி கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் கிளம்பிய ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை இன்னும் இறுக்கியது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத வகையில் பாகங்களை மாட்டி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. நாலு ஸ்பிரிங் என்றால் ஒரு மாற்றமா, நாலு மாற்றமா? அந்தக் கணக்கை நடுரோட்டில் உன்னை ஓரங்கட்டச் சொல்பவர் மனசுக்குள் போட்டுக்கொள்வார். மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறியிருக்க வேண்டும் என்று பிரிவு 52-க்கு ஒரு விளக்கமும் இருக்கிறது. அந்த விளக்கத்தை நீ அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது, பின்பக்கம் நாலு பேர் தொங்கிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ உன்னைத் தாண்டிப் போகும். அதன் அடிப்படை அம்சம் அதுதான் போலிருக்கிறது.

இப்போது அதே 2019 திருத்தத்தில் இன்னொரு பக்கத்தைப் புரட்டு. 198ஏ. சாலையை வடிவமைக்கிறவர், போடுகிறவர், பராமரிக்கிறவர் யாராக இருந்தாலும் மத்திய அரசு வகுத்த தரத்தைப் பின்பற்ற வேண்டும். பின்பற்றாததால் ஒரு உயிர் போனாலோ கைகால் போனாலோ அபராதம். எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய் வரை. வரை என்ற சொல்லைக் கவனி, அது உச்சவரம்பு. அந்தப் பிரிவை மேலும் கீழுமாகத் தேடிப் பார்த்தேன், சிறை என்ற சொல்லே இல்லை. சொந்தக் காசில் வாங்கிய காரை இரண்டு விரல் இறக்கியவன் ஆறு மாதம் கம்பி எண்ணலாம். ஊர்க் காசில் போட்ட சாலையில் ஆளைக் கொன்றவர் ஒரு செக் எழுதினால் போதும். இரண்டையும் ஒரே வருடத்தில், ஒரே மசோதாவில், ஒரே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கைதட்டல் சத்தம் இன்னும் அடங்கவில்லை.

சரி, வக்கீல் ஃபீஸைக் கொடுத்துவிட்டாய். இனி வீல்.

சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கடை வாசலில் மாட்டியிருக்கிற சக்கரங்களைப் பார்த்தால் ஏதோ நகைக்கடைக்குள் வந்துவிட்டாற்போல் இருக்கும், செய்கூலி சேதாரம் மட்டும்தான் பாக்கி. கடைக்காரர் முதலில் கேட்பது உன் காரின் பெயரை. இரண்டாவதாகக் கேட்பது உன் பட்ஜெட்டை. மூன்றாவது கேள்வி கிடையாது. ஆஃப்செட் எவ்வளவு, சென்டர் போர் எவ்வளவு, ஒரு சக்கரம் எத்தனை கிலோ தாங்கும் என்று நீ கேட்டால், “சார் இன்ஜினியரிங் படிச்சிருக்கீங்களா?” என்பார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே.

உன்னிடம் இருப்பது 2018-இல் வந்த அந்த ஸ்விஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது அதுதான். நாலு நட்டு, நட்டுகளின் வட்டம் 100 மில்லிமீட்டர், கம்பெனி சக்கரத்தின் நடுத் துவாரம் 54.1. கடையில் தொங்குகிற அலாயில் எட்டு ஓட்டை இருக்கும். நாலு உனக்கு, மீதி நாலு வேறு கம்பெனி கார்க்காரனுக்கு. ஒரே சக்கரத்தை இரண்டு ஜாதி வண்டிக்கும் விற்கிற சமத்துவம் இது. நடுத் துவாரம் 67.1 அல்லது 73.1 இருக்கும், எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டுமே! அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. அதைப் போடாவிட்டால் சக்கரம் ஹப்பில் உட்காராமல் நட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். திரும்பிப் போய்க் கேட்டால், “பேலன்சிங் பண்ணா போயிடும் சார்” என்பார்கள். பேலன்சிங்குக்குத் தனி பில்.

அப்புறம் ஆஃப்செட். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டுகிற முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. உன் பழைய சக்கரம் ஐந்தரை அங்குல அகலம், ஆஃப்செட் 40 என்று வைத்துக்கொள். கடைக்காரர் ஏழு அங்குல அகலம், ஆஃப்செட் 25-ஐத் தலையில் கட்டுகிறார். அகலத்தில் ஒன்றரை அங்குலம் கூடினால் பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர். ஆஃப்செட் குறைந்ததில் 15. மொத்தம் 34 மில்லிமீட்டர் உன் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீதியில் நிற்கையில் ஜம்மென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். பின் சீட்டில் மூன்று பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். வீல் பேரிங் தன் ஆயுளுக்கு முன்னால் ஊளையிடும். பள்ளம் கண்ட இடமெல்லாம் ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். இதற்கெல்லாம் கடையில் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ஃபெண்டர் விளிம்பைச் சுத்தியலால் உள்ளே மடிப்பது.

வடிவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜப்பானில் ரேஸ் என்ற நிறுவனம் 1996-இல் டிஇ37 என்ற ஆறு ஆரக்கால் சக்கரத்தைக் கொண்டுவந்தது. 15 அங்குல அளவில் 3.7 கிலோ எடை, அதனால்தான் அந்த 37. அடித்துச் செய்த அலுமினியம், ஒரு கையால் தூக்கிவிடலாம். இங்கே அதே ஆறு ஆரக்கால், அதே வெண்கல நிறம், அச்சில் ஊற்றி வார்த்தது. தூக்கிப் பார், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குக் கீழே சேருகிற எடைதான் வண்டியின் சவாரியைக் கெடுப்பதில் முதல் எதிரி. எடையைக் குறைக்க என்று கண்டுபிடித்த வடிவத்தை எடையைக் கூட்டிக் காப்பியடிக்கிற திறமைக்கு உலகில் நாம்தான் முன்னோடி. உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்று ஜப்பானியத் தர முத்திரைகள் வேறு புடைத்துக்கொண்டிருக்கும். முத்திரையையும் சேர்த்தே அச்சில் வார்த்துவிட்டால் சோதனைக்கூடத்துக்கு யார் போகிறார்கள்? நம் நாட்டிலும் கார் அலாய்க்கு ஐஎஸ் 16192 என்று ஒரு தரம் இருக்கிறது. அந்தப் பெயரை ஒரு கடையில் சொல்லிப் பார், பழைய ஜிஎஸ்டி நோட்டீஸ் ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து முதலாளியைக் கூப்பிடுவார்கள்.

டயரை மட்டும் நீயே கணக்குப் பார்த்து வாங்கு, பள்ளிக்கூடக் கணக்குதான். இப்போது இருப்பது 185/65 ஆர்15, மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 போட்டாலும் அதே 621 வந்துவிடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 205/45 ஆர்17 போட்டால் 616, இதுவும் மோசமில்லை. ஆனால் பக்கச் சுவரைப் பார். முதலாவதில் 120 மில்லிமீட்டர் ரப்பர், இரண்டாவதில் 107, மூன்றாவதில் 92. அந்த ரப்பர்தான் பள்ளத்துக்கும் உன் அலாய்க்கும் நடுவில் நிற்கிற ஒரே சாட்சி. 17-க்குப் போனால் பெண்டு எடுக்கிற கடைக்காரர் உன் பையனுக்குப் பெயர் வைக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிடுவார்.

பள்ளம் என்றேன் அல்லவா, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2013 முதல் 2017 வரை ஐந்து வருடத்தில் சாலைப் பள்ளங்களால் இந்தியாவில் இறந்தவர்கள் 14,926 பேர். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணைக் கேட்டு அதிர்ந்துபோய், எல்லையில் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்கும்போலிருக்கிறதே என்றது. அப்போதும் நாட்டில் எந்தப் பள்ளத்துக்கும் தேசத்துரோக வழக்கு போடவில்லை. செத்தவர்களில் எத்தனை பேர் அலாய் போட்ட காரில் போனவர்கள் என்று நினைக்கிறாய்? பள்ளத்துக்கு முதல் பலி எப்போதும் இரண்டு சக்கரத்தில் போகிறவன்தான். வேலைக்குப் போகிறவன், பின்னால் பிள்ளையை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் போகிறவள். மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்துக்குள் முன்சக்கரம் போனதும் மேலே இருப்பவர் பறப்பார், பின்னால் தண்ணீர் லாரி வரும். மறுநாள் பேப்பரில் ‘நிலைதடுமாறி’ என்று போடுவார்கள். தடுமாறியது அவர் நிலையாம்!

இனி சஸ்பென்ஷன். மூன்று வழி.

முதல் வழி, பழைய வண்டிப் பாகங்களுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டையின் வழி. காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கழற்றி, கிரைண்டரால் ஒரு சுற்றை அறுத்துவிடுவது. அரை மணி நேர வேலை, டீக் காசுதான் செலவு. அறுப்பவர் பல்லில் பீடியோடு, “கம்பெனிக்காரனுக்கு என்ன சார் தெரியும்” என்பார். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை எடுத்தால் மீதி ஐந்துக்கு விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். வண்டி இறங்கும், குதிரை மாதிரி துள்ளவும் துள்ளும். பெரிய மேட்டில் ஏறிச் சக்கரம் காற்றில் தொங்கினால் நீளம் போதாத ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவும், இறங்கும்போது வேறெங்காவது உட்காரும். இதிலும் சோம்பேறிகள் உண்டு. கழற்றக்கூட மாட்டார்கள், கேஸ் தீயால் ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தானாகத் தொங்க விடுவார்கள். எஃகு தன் பதத்தை இழந்துவிடும், என்றைக்கு ஒடியும் என்பது அதற்கே தெரியாது. இந்த வேலையைச் செய்கிறவனையும் செய்துகொள்கிறவனையும் பிரிவு 182ஏ-யில் உள்ளே போட்டால் நானே மாலையோடு வருவேன். ஆனால் அவர்களைப் பிடிக்கக் குனிந்து பார்க்க வேண்டும். நம் அதிகாரிகளுக்குக் குனியத் தெரியும், காருக்கு அடியில் பார்ப்பதற்காகக் குனிந்து பழக்கமில்லை.

இரண்டாவது, கம்பெனி செய்து விற்கிற லோயரிங் ஸ்பிரிங். உனக்கு இதுதான். 25 முதல் 30 மில்லிமீட்டர் இறக்கம், கொஞ்சம் கூடுதல் விறைப்பு. ஆனால் பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதே. குட்டை ஸ்பிரிங்கில் ஷாக்கின் தண்டு எப்போதும் பாதி அமுங்கியே இருக்கும், சின்ன மேட்டுக்கெல்லாம் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும், ஒன்றிரண்டு மழைக்காலத்தில் எண்ணெய் கசியும். ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ற ஷாக், சரியாக வெட்டிய பம்ப் ஸ்டாப், பூட்டியதும் ஒரு அலைன்மென்ட், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் படிந்ததும் இன்னொரு அலைன்மென்ட். இரண்டாவதை யாரும் செய்வதில்லை. டயரின் உள் விளிம்பு வழுக்கையானதும், “டயர் கம்பெனி சரியில்ல” என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஹெட்லைட்டையும் பார்த்துக்கொள். முன்னும் பின்னும் இறக்கம் ஒரே அளவாக இல்லாவிட்டால் வெளிச்சத்தின் திசை மாறிவிடும், எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும்.

மூன்றாவது காயிலோவர். திருகித் திருகி உயரத்தை மாற்றலாம், நல்லது வாங்கினால் ஷாக்கின் கடினத்தையும் மாற்றலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டுகிறவனுக்கு அது வேண்டும். சென்னை ஆற்காடு ரோட்டு நெரிசலில் முதல் கியரில் ஊர்கிறவனுக்கு எதற்கு? முப்பத்திரண்டு படிக் கட்டுப்பாடு இருக்கிறதாம். முப்பத்திரண்டையும் சுழற்றிப் பார்த்தாலும் பாதாளச் சாக்கடை மூடி மூடிதான்.

இந்த இடத்தில் வேகத்தடைக்கு வருகிறேன். இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்தது இதற்காகத்தான்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐஆர்சி) வேகத்தடைக்கு ஒரு தரம் எழுதி வைத்திருக்கிறது. ஐஆர்சி 99, முதல் பதிப்பு 1988. வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி வளைவு, அந்த வட்டத்தின் ஆரம் 17 மீட்டர். போகிற திசையில் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும். இப்போது உன் காரை எடுத்துக்கொள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,450 மில்லிமீட்டர், தரையிலிருந்து அடிவயிறு 163 மில்லிமீட்டர். 30 இறக்கிவிட்டாய், 133 மிச்சம். நான்கு சக்கரமும் அந்த வளைவின் மேல் நிற்கும்போது நடுவில் வளைவு எவ்வளவு எழும்பி வரும்? கணக்குப் போட்டுப் பார், 44 மில்லிமீட்டர். உன் வயிற்றுக்கும் தாருக்கும் நடுவே இன்னும் 89 மில்லிமீட்டர் இருக்கிறது. குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு வண்டி இன்னும் இரண்டு விரல் தாழ்ந்தாலும் உரசாது. இறக்கிய காரே சொகுசாகத் தாண்டுகிற வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று 1988-லேயே ஒரு நல்லவர் தாளில் எழுதி வைத்துவிட்டார் தம்பி!

இப்போது உன் தெருவில் இருப்பதைப் பார். இரண்டடி அகலம், ஆறு அங்குல உயரம். மூன்றாம் நம்பர் வீட்டில் கான்கிரீட் போட்டபோது மிஞ்சிய கலவை. ஆறு அங்குலம் என்றால் 152 மில்லிமீட்டர். உன் 133 உரசும், சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்பிரிங்கில் கையே வைக்காத, ஷோரூமிலிருந்து நேற்று இறங்கிய காருக்கும் இருப்பது 163-தான். 11 மில்லிமீட்டர் மிச்சம். அதுவும் வெறும் வண்டிக்கு. மாமியார், மச்சினன், குலதெய்வம் கோயிலுக்கு எடுத்துப்போகிற அண்டா என்று ஏற்றினால் அதுவும் உரசும். ஆக, சட்டப்படி ஒரு திருகைக்கூட மாற்றாதவனின் காரும் இந்தச் சாலைக்குச் சட்டவிரோதம். எந்தக் கார் தரத்துக்கு மாறானது என்று நிறுத்தி அபராதம் போடுகிறார்களோ அந்தக் கார் நிற்கிற சாலைக்குத் தரம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்க எந்தப் பிரிவும் இல்லை. இருக்கிற ஒன்றும் ஆள் செத்தாலோ கைகால் போனாலோதான் கண் திறக்கும்.

இந்தத் தெரு வேகத்தடையை யார் போட்டது? மாநகராட்சியைக் கேட்டால் நெடுஞ்சாலைத் துறை என்பார்கள். நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டால் போக்குவரத்துக் காவல் சொல்லிப் போட்டது என்பார்கள். காவல்துறையைக் கேட்டால் பொதுமக்கள் கோரிக்கை என்பார்கள். பொதுமக்கள் என்றால் யார் என்று தேடிக்கொண்டு போனால் தெருமுனையில் ஒரு கட்சி வட்டச் செயலாளர் வீடு இருக்கும், அதற்கு முன்னால் பத்தடிக்கு ஒன்றாக மூன்று. பெயின்ட் இல்லை, பலகை இல்லை. ராத்திரி மழையில் பைக்கில் வருகிறவனுக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிகிற முதல் அடையாளம் அவன் தாடை. உன் ஆயில் சம்ப் இதில் அடிபட்டுக் கசிந்து, தெரியாமல் நீ ஓட்டிப் போய் இன்ஜின் பிடித்துக்கொண்டால் சாதாரண இன்ஷூரன்ஸ் கை கொடுக்காது. தொடர் விளைவுச் சேதமாம், அதற்குக் கூடுதல் பணம் வாங்கி ஒரு ஆட்-ஆன் விற்பார்கள். இத்தனைக்கும் நீ வண்டி வாங்கிய அன்றே ஆயுட்கால சாலை வரி கட்டியவன். யாருடைய ஆயுட்காலம் என்று ரசீதில் போடவில்லை.

மக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, பிழைக்கத் தெரிந்துகொண்டார்கள். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகி வண்டியை உயர்த்திக்கொள்கிறார்கள். கடையில் வெளிப்படையாகத் தொங்குகிறது, அதுவும் மாற்றம்தான், யாரும் கேட்பதில்லை. வசதி உள்ளவர்கள் உயரமான எஸ்யூவிக்கு மாறிவிட்டார்கள். சாலையைச் சரிசெய்ய முடியாத ஒரு நாடு மொத்தமாகக் குதிகால் உயர்ந்த செருப்புக்கு மாறிய கதை இது. உயர்த்துகிறவன் குடும்பஸ்தன், இறக்குகிறவன் ரவுடி.

தமிழ்நாட்டில் உயரம் என்ற விஷயமே தனி. சென்னையில் பழைய தெருக்களுக்குள் போய்ப் பார். 1980-களில் மூன்று படி ஏறிப் போன வீடு இப்போது இரண்டு படி இறங்கிப் போகிற வீடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று, தேர்தலுக்கு ஒரு அடுக்கு. முதல் மழையில் தெருச் சாக்கடை கூடத்துக்குள் வந்து நாற்காலியைத் தூக்கும். 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குள் போகக் கூடாது என்று. நல்ல உத்தரவு. அதற்கப்புறமும் வீடுகளுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து மூன்றடி, நான்கடி என்று தூக்குகிற தொழிலுக்குச் சென்னையில் வேலை குறையவில்லை. அந்தச் செலவு வீட்டுக்காரன் தலையில். அவன் ஓய்வூதியத்தில் பாதியை ஜாக்கிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, தன் வீட்டைத் தாழ்த்திய துறைக்கே சொத்து வரி கட்டப் போய் நிற்கிறான். அனுமதியில்லாமல், ஆர்.சி. இல்லாமல், ஒரு தெரு முழுக்க லோயரிங் செய்தவர்கள் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

சட்டம் எல்லாருக்கும் சமம் என்பதைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு கட்சி மாநாட்டு நாளில் பைபாஸ் ஓரம் போய் நில். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012-இல். முன்னால் இரும்புக் குழாய் பம்பர் மாட்டுவது பிரிவு 52-க்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது 2017 டிசம்பரில். அந்தக் குழாய் நடந்து போகிறவன் இடுப்பை உடைக்கும், உள்ளே இருப்பவனுக்கும் ஆபத்து, மோதலில் ஏர்பேக் சரியான நேரத்தில் திறப்பதைக் குழப்பலாம். மாநாட்டுக்குப் போகிற வண்டிகளை எண்ணு. கறுப்புக் கண்ணாடி, இரும்புக் குழாய், அதன் மேல் கொடிக்கம்பி, அதற்கும் மேல் ஏர் ஹாரன். ஒரு வண்டிக்கு நாலு மாற்றம், தலா 5,000. அந்த ஒரு சாயங்காலத்தில் வசூலித்தால் தாலுகாவுக்கே சாலை போடலாம். காவலர் கையை உயர்த்துவார், சல்யூட்டுக்கு. கொடி வண்டி போனதும் கையை இறக்கி, பின்னால் உன் 16 அங்குல அலாய் வருவதைப் பார்த்து ஓரங்கட்டச் சொல்வார்.

உன் கூட்டாளிகளையும் விட்டுவைக்கப் போவதில்லை. இறக்கிய காருக்குப் பட்டாசு வெடிக்கிற சைலன்சர் மாட்டி நடு ராத்திரியில் ஆஸ்பத்திரித் தெருவில் போகிறவன், எதிரே வருகிறவனைக் குருடாக்குகிற வெள்ளை எல்இடி போட்டவன், ஒரு வீடியோவுக்காக ஈசிஆரில் குறுக்கும் நெடுக்கும் பாய்கிறவன். உன் ஆசைக்கு முதல் சத்ரு அதிகாரி என்று நினைக்காதே, இவர்கள்தான். ஒருவன் செய்கிற அட்டூழியத்துக்கு ஒழுங்காக ஸ்பிரிங் மாற்றியவன் அபராதம் கட்டுகிறான். அதிகாரிக்கும் அதுதான் வசதி. காட்டுத்தனமாகப் பறக்கிறவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும், அலைன்மென்ட் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவன் கை காட்டினால் நிற்பான்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன், குறித்துக்கொள். 16-க்கு மேல் போகாதே. 195/55, லோட் இண்டெக்ஸ் பழைய டயரைவிடக் குறையாமல். ஆறு அல்லது ஆறரை அங்குல அகலம், ஆஃப்செட் கம்பெனி அளவுக்கு அஞ்சு மில்லிமீட்டருக்குள். நட்டுக்கு நாலு ஓட்டைதான், ஹப் ரிங் கட்டாயம், வாங்குமுன் எடை போட்டுப் பார். பொருத்தமான ஷாக்கோடு 25 மில்லிமீட்டர் ஸ்பிரிங். 30 கேட்டாய், அஞ்சைக் குறைத்துக்கொள், வட்டச் செயலாளருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் சக்கரங்களையும் விற்காதே, பரணில் போட்டு வை, கார் விற்கும்போதோ ஆர்டிஓ கூப்பிடும்போதோ தேவைப்படும். பில்லைப் பத்திரப்படுத்து. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவி, அவர்கள் மறுத்தால் மறுத்ததையும் எழுத்தில் வாங்கு.

பூட்டி முடித்ததும் ஓட்டிப் பார்க்க எந்த நாள் என்று கேட்பாய். பஞ்சாங்கத்தைப் பார்க்காதே, அமைச்சர் சுற்றுப்பயணத் திட்டத்தைப் பார். அவர் உன் பகுதிக்கு வருவதற்கு முந்தின ராத்திரி ஜேசிபி வரும். நான்கு வருடம் மனுக் கொடுத்தும் அசையாத வேகத்தடைகளையெல்லாம் விடிவதற்குள் பெயர்த்து எடுத்துவிடுவார்கள், பள்ளங்களில் சூடு ஆறாத தார் பளபளக்கும், கறுப்பு வெள்ளைப் பட்டைகூட அடித்திருப்பார்கள். காலை ஆறு மணிக்கு எடு, பத்துக்குள் திரும்பிவிடு. பதினொன்றுக்கு அவர் போய்விடுவார், மறுநாளே மூன்றாம் நம்பர் வீட்டில் மறுபடி கான்கிரீட் கலக்க ஆரம்பித்துவிடுவார்கள்.